ஆடும்போது பிள்ளையை யார் பார்ப்பது?

அன்புள்ள அக்கா,

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பரதம் சொல்லித் தருகிறேன். மகளுக்கு நான்கு வயது, மகனுக்குப் பதினொரு மாதம். கணவருக்கு ஈப்போவில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் நடக்கும் என் சனிக்கிழமை வகுப்பில் 14 பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது 5 பேர்தான். மகன் அழுதால் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறேன், பெற்றோர் முகம் மாறுகிறது. மாமியார் "பிள்ளைங்க பெரிசானதும் ஆடிக்கலாமே" என்கிறார். கோலாலம்பூரில் இருந்திருந்தாலாவது வழி கிடைத்திருக்கும். இன்னொன்று, குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்துமெட்டு அடவு போடும்போது சிறுநீர் கசிகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. விட்டுவிடலாமா அக்கா?

(பெயர் போட வேண்டாம், மற்றதெல்லாம் போடலாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

விட வேண்டாம்.

கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற பல பெண்கள் அதே இடத்தில் நின்றிருப்பார்கள். பிரசவமானவர்களில் நிறைய பேருக்கு இது உண்டு. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோகின்றன, குதித்து இறங்கும்போது வயிற்றின் அழுத்தமெல்லாம் அவற்றின்மேல் விழுகிறது. பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். அதுவரை குதிக்கிற அடவுகளை ஒதுக்கிவிட்டு, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டும் அபிநயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதம் என்கிற மெதுவான அபிநயப் பாட்டை உட்கார்ந்துகூட ஆடலாம், பழைய நாளில் அப்படியும் ஆடினார்கள்.

அப்புறம் என் கதை. மகள் பிறந்த ஐந்தாம் மாதம் ஒரு கோயில் திருவிழாவில் வர்ணம் என்கிற நீண்ட உருப்படியை ஆடினேன். அதில் இரண்டாவது தீர்மானம் (தாள அடவுக் கோர்வை) போகும்போது மேடைக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. உடனே மார்பு கனத்துப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது, மேலாக்கு மடிப்புதான் மானம் காத்தது. கால் தாளத்தில்தான் இருந்தது, ஆனால் கண் திரைப்பக்கம் போய்விட்டது. இறங்கி வந்ததும் ஏற்பாட்டாளர் ஒருவர் "பிள்ளை பெத்தவங்களைக் கூப்பிட்டதே தப்பு" என்று என் காதில் விழும்படியே சொன்னார். அன்றிரவு சலங்கையைத் துணியில் கட்டி அலமாரி மேல் வைத்தவள் மூன்று வருடம் அதைத் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது தோல்பட்டை வெடித்திருந்தது, மணியெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. அந்த மூன்று வருடமும் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பிள்ளைக்காகத்தான் விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். நடுவில் ஆயா உட்கார்ந்து ஒரு கையால் ஒரு கயிற்றையும் கால்விரலால் இன்னொரு கயிற்றையும் இழுத்து ஆட்டிக்கொண்டே மூன்றாவது பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவார். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அம்மாவை அந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரும் சொன்னதில்லை. தோட்டத்துக்கு ரப்பர் பால் வேண்டியிருந்தது, நிர்வாகமே கொட்டகை போட்டுக் கொடுத்தது. உங்களுடைய ஆட்டம் எந்த நிர்வாகத்துக்கும் வேண்டியதில்லை, அதனால்தான் உங்களுக்குக் கொட்டகை இல்லை. இதில் உங்கள் குறை என்ன இருக்கிறது? இங்கே தனியார் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற அம்மாவுக்கு 2023-லிருந்து 98 நாள் பேறுகால விடுப்பு, அதற்கு முன்பு 60 நாள். தாமான் மண்டபத்தில் சொந்தமாக வகுப்பு எடுப்பவருக்கு ஒரு நாள்கூட இல்லை.

பெரிய பரதக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடும்போது கூடவே இருந்து பாடியவர் அவருடைய அம்மா ஜெயம்மாள். பாட்டி வீணை தனம்மாள். 1943-ல் பிறந்த மகள் லட்சுமியும் பின்னாளில் ஆட வந்தார். அப்படி ஒரு வீடு நமக்கு வாய்க்கவில்லை, லயமும் போய்விட்டது, தாமானில் ஆளுக்கொரு இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம். கோலாலம்பூரில் 1981-ல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1983-ல் ரம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா என்று நடனத்துக்குப் பெரிய இடங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் எந்த ஊரானாலும் ஒத்திகை பொழுது சாய்ந்த பிறகுதான், பிள்ளையைத் தூங்கவைக்கிற அதே நேரம்.

சரி, உங்கள் மண்டபத்திலேயே கொட்டகையைப் போடுங்கள். அந்த 5 பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அதில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் தம்பியைத் தூக்கி வச்சிருங்க, உங்க மகளுக்கு இந்த மாசம் கட்டணம் வேணாம்." பொதுவாக "யாராவது பார்த்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கணவரின் ஷிப்ட் அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அவர் வீட்டில் இருக்கிற நாளில் இருபது நிமிடத்தை உங்களுக்கென்று வட்டம் போட்டு வையுங்கள். மற்ற நாளில் தம்பியின் முதல் தூக்கம். அந்த இருபது நிமிடத்தில் துணி மடிக்கக் கூடாது. தட்டினால் எழுந்துவிடுவான் என்றால் காலைத் தட்டாமல், தாளச் சொற்களான சொல்லுக்கட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டு கையையும் கண்ணையும் மட்டும் ஓட்டுங்கள். மாமியாரோடு சண்டை வேண்டாம். அவரும் மரம் வெட்டியவராக இருந்தால், அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அம்மாவைப் பார்க்க அங்கே வருகிறேன். மண்டபம் எங்கே என்று எழுதுங்கள். தம்பி என் மடியில் இருக்கட்டும், நீங்கள் ஒரு பதம் ஆடிக் காட்டுங்கள். அவன் அழுதாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா