தட்டானும் கொன்றுதான் தின்கிறது

கேள்வி: சென்ற இதழில் வந்த குளத்து உயிர்கள் கட்டுரையில் தட்டானை ‘இரைகொல்லி’ என்று எழுதியிருந்தீர்கள். புலி, சிங்கம் போன்ற கொடிய விலங்குகளுக்கு உரிய சொல்லைப் பூச்சிக்குக் கொடுப்பது மிகையில்லையா? ‘ஊனுண்ணி’ என்று எழுதிவிட்டுப் போகலாமே?

பதில்: மிகையில்லை. அந்தச் சொல்லில் ‘கொடிய’ என்பது எங்கே இருக்கிறது? இன்னொரு உயிரைப் பிடித்துக் கொன்று தின்பது எதுவோ அது இரைகொல்லி. உருவமோ உறுமலோ கணக்கில் இல்லை. கொடுமைதான் அளவுகோல் என்றால் நீர்யானையை அல்லவா முன்னால் நிறுத்த வேண்டும்? படகையே கவிழ்த்து ஆளைக் கொல்லும், மேய்வதென்னவோ புல்.

சரி, தட்டானுக்கு வருவோம். நீங்கள் மனதில் வைத்திருப்பது பறக்கும் தட்டானை. அதன் இளம்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. அப்போது அதன் கீழுதடு மடக்கிய கை மாதிரி முகத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். கொசுப்புழு எட்டும் தூரத்துக்கு வந்ததும் சடாரென்று நீளும். நுனியிலுள்ள கொக்கிகளால் கவ்வி வாய்க்கு இழுத்துக்கொள்ளும். சின்னத் தலைப்பிரட்டை என்றாலும் விடாது. சிறகு முளைத்த பிறகு, பறக்கிற கொசுவைப் பறந்தபடியே கால்களால் வாரிப் பிடிக்கும். குறிவைத்ததில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்ததாக ஆய்வுப் பதிவுகள் உண்டு. நீங்கள் சொல்லும் சிங்கம் பாதிக்கு மேல் கோட்டை விடுகிற ஆசாமி!

ஊனுண்ணி என்றால் என்ன தின்கிறது என்பது மட்டும் தெரியும், அது எப்படிக் கிடைத்தது என்பது தெரியாது. பிணந்தின்னிக் கழுகும் ஊனுண்ணிதான். ஆனால் அது பெரும்பாலும் செத்ததைத் தேடிப் போகிறது, கொல்லப் போவதில்லை. பேன், உண்ணி வகையறா ஒட்டுண்ணிகள்; அவை தனிக் கணக்கு.

வேளாண்மைக்காரர்கள் இதையே ‘இரை விழுங்கி’ என்பார்கள். பயிர்ச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டு அந்தக் கூட்டம். 1880களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவகைப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டுத்தான் மீட்டார்கள். கொடிய விலங்காம்!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சிறுவர்களைக் குறிவைக்கும் ஆட்களை ‘மனித இரைகொல்லி’ என்று சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நம் பக்கங்களில் அது வராது. புலி பசிக்காகக் கொல்கிறது. இந்த ஆளுக்கு அந்த நியாயத்தை நாம் ஏன் கடன் கொடுக்க வேண்டும்? ‘குற்றவாளி’ என்றே எழுதுவோம்.