வாசகர் கேள்வி–பதில்: ஜப்பான் சென்றால் இந்தக் காதல் என்னவாகும்?

கேள்வி: 2016இல் வெளிவந்த ‘லவ் ஓ டு ஓ’ என்ற சீனத் தொடரை மூன்று முறை பார்த்தவள் நான். ஆன்லைன் விளையாட்டில் தொடங்கிக் கல்லூரி வளாகத்தில் வளரும் அந்தக் காதலை ஜப்பானியத் தொலைக்காட்சி ரீமேக் செய்தால், 30 எபிசோடுகளைப் பத்துக்குள் சுருக்கிவிடுவார்களே, அதில் என்ன மிஞ்சும்?

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை மூன்று மாதப் பருவங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய தொடர்கள் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாக ஒளிபரப்பாகி, பெரும்பாலும் 9 முதல் 11 எபிசோடுகளில் நிறைவடைகின்றன. கொரியாவின் ‘இதேவான் கிளாஸ்’ 16 எபிசோடுகள். அதன் ஜப்பானிய வடிவமான ‘ரொப்பொங்கி கிளாஸ்’ (2022) 13 எபிசோடுகளில் முடிந்தது. அங்கே அதுவே நீளமானதுதான். ஆகவே நாயகி வெய்வெயின் விடுதித் தோழியரும் நாயகன் ஷியாவ் நாயின் நண்பர் கூட்டமும் முதலில் அடிபடுவார்கள். அந்தக் கலகலப்பை இழப்பது எனக்கும் வருத்தமே.

ஆனால் கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. இணைய மையம் ஒன்றில் அமர்ந்து, தன் அணியினரை நடத்திக்கொண்டே விசைப்பலகையில் விரல்களை ஓட்டும் பெண்ணை ஷியாவ் நாய் முதன்முதலில் கவனிக்கிறானே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவன் மனம் பறிபோவது அவள் அழகினால் அல்ல, விளையாட்டின் திறமையினால். திரைக்குப் பின்னால் இருப்பவள் யார் என்பது அவனுக்குத் தெரியும், அவன் யார் என்பது அவளுக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியை ஓர் எபிசோடுக்காவது அவசரமின்றி நிலைக்கவிட்டால், எட்டு மணி நேரத்துக்குள்ளும் இக்கதையை நிறைவாகச் சொல்லிவிட முடியும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: விளையாட்டு உலகக் காட்சிகளை எப்படி எடுப்பார்கள்? செந்நிற உடையில் பெரிய வாளுடன் வரும் வெய்வெய் இல்லாமல் அத்தொடரை என்னால் நினைக்கவே முடியவில்லை.

பதில்: அந்தச் செந்நிற உடையும் வெள்ளை அங்கியில் யாழ் போன்ற கருவியை மீட்டும் நாயகனும் சீன வீரசாகசக் கதை மரபிலிருந்து வந்தவர்கள், நடிகர்களே அவ்வேடங்களைப் பூண்டு நடித்தார்கள். ஜப்பானியப் பார்வையாளருக்கு விளையாட்டு உலகம் என்றதும் நினைவுக்கு வருவது, 1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டு பரவலாக்கிய வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த உலகமே. அதனால் உடையை மட்டும் மாற்றினால் போதாது, விளையாட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு அங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2017இல் ஒளிபரப்பான ‘ஃபைனல் ஃபேண்டஸி 14: ஒளியின் தந்தை’ காதல் தொடர் அல்ல, திடீரென்று வேலையை விட்ட தந்தைக்கு விளையாட்டுக் கருவியைப் பரிசளித்து, தான் யாரென்று சொல்லாமலே விளையாட்டுக்குள் அவருடைய தோழனாகிவிடும் மகனின் கதை. தந்தையாக நடித்தவர் ஒசுகி ரென். அதில் விளையாட்டுக் காட்சிகளுக்கு நடிகர்கள் வேடம் கட்டவில்லை. உண்மையான விளையாட்டுக்குள்ளேயே அதன் பாத்திரங்களை நடமாடவிட்டுப் பதிவு செய்தார்கள். முகத்தில் அதிக அசைவில்லாத அந்தப் பொம்மை உருவங்கள் அருகருகே அமர்ந்திருக்கும்போது, தன் மகனிடம் ஒருபோதும் பேசாத சொற்களை அந்தத் தந்தை தட்டச்சு செய்வார். காதல் கதைக்கும் நான் இந்த வழியையே விரும்புவேன். அழகான முகம் திரையில் தெரியாதபோது, சொற்களை நம்பித்தான் ஒருவர் மற்றொருவரை நேசித்தாக வேண்டும்.

கேள்வி: பிறர் கதையை எடுத்தாள்வது கற்பனை வறட்சி இல்லையா?

பதில்: வறட்சி இல்லை, நல்ல கதை இப்படித்தான் நாடு விட்டு நாடு போகும். ‘ஹனா யோரி தாங்கோ’ என்ற ஜப்பானியச் சித்திரக் கதையைத் தைவான் 2001இல் தொடராக்கிய பிறகே, 2005இல் ஜப்பானியத் தொலைக்காட்சி அதை நடிகர்களைக் கொண்டு தொடராக்கியது. 2009இல் அது கொரியாவுக்கும் போனது.

கேள்வி: அப்படியானால், ஜப்பானிய வடிவத்தில் எந்தக் காட்சியை ஆவலோடு எதிர்பார்ப்பீர்கள்?

பதில்: முதல் நேர்ச் சந்திப்பை. இணையத்தில் பழகியவர்கள் நேரில் கூடுவதை ஜப்பானியர் ‘ஆஃப்காய்’ என்கிறார்கள். அங்கே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பல மாதங்களாக விளையாட்டுப் பெயரைச் சொல்லி உரிமையோடு கேலி செய்தவரை, எதிரே அமர்ந்ததும் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து மரியாதையாக அழைக்க நேரலாம். நம் மொழியில் ‘நீ’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் நேரில் பார்த்ததும் ‘நீங்கள்’ என்று தடுமாறுவதைப் போன்றது அது. நெருக்கம் ஒரே நொடியில் பின்னால் நகர்ந்துவிடும். அதன் பிறகு ‘சான்’ உதிர்ந்து, இயற்பெயரை மட்டும் சொல்லும் நாள் வரை அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து நடந்து வர வேண்டும். மேசையின் இருபுறமும் அமர்ந்து, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் இருவரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் அத்தொடரைப் பார்ப்பேன்.