சேற்றின் மீது ஓர் ஈர்ப்பு

கேள்வி: உடலில் சேறும் குழைத்த மாவும் பூசிக்கொண்டால்தான் தமக்குக் கிளர்ச்சி மிகுகிறது என்று, திருமணமாகி 11 ஆண்டுகளுக்குப் பின் என் கணவர் கூறுகிறார். இது மனநோயா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்.

பதில்: சகோதரி, இத்தனை காலம் மறைத்ததை அவர் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறார்; அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். அழுக்கின் மீதோ சேற்றின் மீதோ எழும் பாலீர்ப்பு மட்டுமே நோயாகாது. அது ஒருவருக்குப் பெருந்துயரம் தரும்போதோ, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதோ, பிறருக்குத் தீங்கு விளைவிக்கும்போதோதான் கோளாறாகும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு பிரித்துக் காட்டுகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடோ, ஃபெட்டிஷிசத்தை, அதாவது குறிப்பிட்ட பொருளின் மீது எழும் பாலீர்ப்பை, தனிக் கோளாறாகவே குறிப்பிடுவதில்லை.

உடல்நலத்தில் மட்டும் கவனம் தேவை. தோட்டத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம் என்பதால் காயம் உள்ள இடத்தில் அது படக்கூடாது. இனிப்புக் கலந்த மாவு பெண்ணுறுப்பினுள் சென்றால் தொற்று ஏற்படக்கூடும். மலம் சார்ந்த விருப்பமாயின், மஞ்சள் காமாலை ஏ வகை பரவும் ஆபத்து உண்டு.

உங்களுக்கு மனம் ஒப்பவில்லையெனில் தயங்காமல் மறுத்துவிடுங்கள். திருமணமே சம்மதமாகாது என்பதை நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் 1993இலேயே ஏற்றுக்கொண்டது. பேசித் தீராவிட்டால், இருவரும் சேர்ந்து பாலியல் ஆலோசகர் ஒருவரைச் சந்தியுங்கள்.