ஜிக்கும் அந்த அமெரிக்கனும்: கேள்வி பதில்

கதை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் 'ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபண்ட்ஸ்' (வெள்ளை யானைகள் போன்ற மலைகள்) என்ற சிறுகதை 1927இல் வெளிவந்தது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் போகும் எக்ஸ்பிரஸ் வர இன்னும் 40 நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்கனும் ஜிக் என்ற பெண்ணும் நிழலில் உட்கார்ந்து பீர் குடித்தபடி பேசுகிறார்கள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அவன் கலைக்கச் சொல்கிறான். இனி கேள்விகள்.

கேள்வி: கர்ப்பம், கருக்கலைப்பு என்று கதையில் எங்குமே இல்லையே? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஆமாம், ஆபரேஷன் என்று மட்டும்தான் வரும், அதுவும் அவன் வாயிலிருந்து. ரொம்ப சாதாரணமானது, ஆபரேஷன் என்றே சொல்ல முடியாது, கொஞ்சம் காற்றை உள்ளே விடுவார்கள் என்கிறான். முடிந்ததும் முன்பு போலவே இருப்போம், நம்மைத் தொல்லைப்படுத்துவது இது ஒன்றுதான், உன்னைத் தவிர வேறு யாரும் எனக்கு வேண்டாம் என்றும் சொல்கிறான். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், வேறு பொருளே வராது. அன்றைய ஸ்பெயினில் அது சட்டவிரோதம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவனுடைய குணம்தான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் பெரிதாகிவிடும், அவனுக்கோ அது சின்னதாகவே இருந்தாக வேண்டும்.

கேள்வி: உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று அவன் பல தடவை சொல்கிறான். அவனை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் முன்னாலும் பின்னாலும் என்ன பேசுகிறான் என்று பாருங்கள்: இதுதான் நல்லது, அது ரொம்ப சுலபம், எனக்குத் தெரிந்த பலர் இதைச் செய்துகொண்டவர்கள்தான். விட்டுக்கொடுப்பது போல ஆரம்பித்துக் கடைசியில் அங்கேயே வந்து நிற்பான். சரி, செய்துகொள்கிறேன், என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று அவள் சொன்ன பிறகாவது விடுகிறானா? அப்படி நினைத்துக்கொண்டு செய்வதானால் வேண்டாம் என்கிறான்! அதாவது அவள் சம்மதித்தால் மட்டும் போதாது, மனசாரச் சம்மதித்தாள் என்ற நிம்மதியும் சேர்ந்து கிடைக்க வேண்டும், நாளைக்கு யாரும் இவனைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. இதற்காக அவனை வில்லன் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துபோயிருக்கிறான், அவளை இழக்கவும் மனசில்லை. பிரியம் வைத்திருக்கிற ஒருவன் எப்படியெல்லாம் நெருக்குவான் என்பதைக் காட்டுவதால்தான் இந்தக் கதை இவ்வளவு வலிக்கிறது.

கேள்வி: அக்கா, ஜிக் தனக்கென்று ஒரு கருத்து இல்லாத பலவீனமான பெண் என்று பரீட்சையில் எழுதலாமா?

எழுதாதீர்கள். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. வாசலில் தொங்கும் பாசிமணித் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கி, ரயில் 5 நிமிடத்தில் வருகிறது என்று அங்கே பரிமாறும் பெண் சொல்வது வரைக்கும் அவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவனைச் சார்ந்துதான் இருக்கிறாள். ஆனால் இருவரில் விஷயம் முழுசாகப் புரிந்தது அவளுக்குத்தான்.

நாம் செய்வதெல்லாம் எதையாவது பார்ப்பதும் புதுசாக எதையாவது குடித்துப் பார்ப்பதும்தானே என்று போகிற போக்கில் கேட்கிறாள். அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது, அவன் ஆமாம் போட்டுவிட்டுப் போகிறான். அப்புறம் எழுந்து நிலையத்தின் கடைசி வரை நடக்கிறாள். எதிர்ப்பக்கம் தானிய வயல், ஆற்றங்கரை மரங்கள், வயல் மேல் நகரும் ஒரு மேகத்தின் நிழல். இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்கலாம் என்கிறாள். எல்லாமே கிடைக்கும் என்று அவன் சமாதானம் சொல்கிறான். இல்லை, கிடைக்காது என்கிறாள், ஒரு தடவை எடுத்துவிட்டால் திரும்ப வராது என்கிறாள். அதற்கு அவன் இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்கிறான், பார்க்கலாம் என்று இவள் முடித்துவிடுகிறாள். அவனுக்கு அடுத்து என்ன சொல்லத் தெரிகிறது? நிழலுக்கு வா. பலவீனமான பெண் என்று எழுதப் போகிறவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதட்டும்.

கடைசியில் தயவுசெய்து என்பதை ஏழு தடவை அடுக்கிப் பேச்சை நிறுத்தச் சொல்வதும் அவள்தான்.

கேள்வி: மலைகள் வெள்ளை யானை மாதிரி இருக்கின்றன என்கிறாள், கொஞ்ச நேரத்தில் அவளே அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள். ஏன் இந்தக் குழப்பம்?

குழப்பம் இல்லை, சண்டை வேண்டாமே என்று பின்வாங்குகிறாள். விளையாட்டாகச் சொன்ன ஒன்றுக்கு அவன் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் அவள் ஏன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறாள்?

கேள்வி: கடைசியில் அவள் என்ன முடிவு எடுத்தாள்?

கதை சொல்லவில்லை. பெட்டிகளை அவன் நிலையத்தின் மறுபக்கத்துக்குத் தூக்கிப் போவதை வைத்துத் திட்டமே மாறிவிட்டது என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை, ரயில் வரப்போகிறது, பெட்டியை நகர்த்தத்தானே வேண்டும். நான் பார்ப்பது அதற்கு அடுத்த சில வரிகளை. திரும்பி வரும் வழியில் அவன் தனியாக ஒரு கிளாஸ் அனீஸ் என்ற மது குடிக்கிறான். வந்து இப்போது பரவாயில்லையா என்று விசாரிக்கிறான். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரிக்கிறாள். குழந்தை விஷயத்தில் என்ன முடிவோ தெரியாது, அவனிடம் இனி மனசைத் திறக்கப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. 1932இல் ஹெமிங்வே பனிப்பாறையை உதாரணம் காட்டி எட்டில் ஒரு பங்குதான் வெளியே தெரியும் என்று எழுதினார், அந்தச் சிரிப்புக்கும் அது பொருந்தும்.

கேள்வி: கட்டுரை எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

அவள் கேட்கும் கேள்விகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே அவன் சொன்ன பதில். எந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லையோ அங்கே கோடு போடுங்கள், அங்கிருந்தே முதல் பத்தியை ஆரம்பிக்கலாம்.