நோன்பு நேரம் நடுராத்திரியில் வந்தால் என்ன செய்வது?

கல்யாணத்துக்கு அப்புறம் வருகிற முதல் காரடையான் நோன்பு, மாமியார் வேறு ஊரில், காலண்டரில் பங்குனி பிறப்பது ராத்திரி 1 மணிக்கு என்று போட்டிருக்கிறது, அதுவரை பட்டினி கிடக்க வேண்டுமா, போன தடவை அம்மா வீட்டில் தட்டிய அடை வேறு கல் மாதிரி ஆகிவிட்டதே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் நேரம். கணவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மாசியும் பங்குனியும் கூடுகிற வேளையில் பெண்கள் செய்கிற நோன்பு இது, அதாவது சூரியன் மீன ராசிக்குள் போகிற நேரம், மார்ச் 14 அல்லது 15-இல் வரும். சூரியனின் ஒரு சுற்றுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் சொச்சமும் ஆவதால், இந்த நேரம் வருஷா வருஷம் சுமார் 6 மணி நேரம் தள்ளிப்போகும். போன வருஷம் சாயங்காலம் என்றால் இந்த வருஷம் நடுராத்திரி, அடுத்த வருஷம் காலை, அதற்கடுத்தது மத்தியானம். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கத்தில் இரண்டு வகைக் கணக்கு உண்டு, இரண்டிலும் நேரம் வேறு வேறாக இருக்கும். மாமியார் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இரண்டையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மாசி இருக்கும்போதே கழுத்தில் நோன்புச் சரடு, அதாவது மஞ்சள் கயிறு, கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முக்கியம். "மாசிச் சரடு பாசி படியும்", அதாவது மாசியில் கட்டிய சரடு பாசி படிகிற அளவுக்கு நீண்ட நாள் நிலைக்கும் என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான். 1 மணிக்குப் பங்குனி என்றால் 10 மணிக்கு அடையை வேகவைத்து, 12 மணிக்கு இலை போட்டால் சரியாக இருக்கும். பட்டினி விஷயத்தில் நான் கறார் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்குமேல் விரதம் இருந்தால் போதும் என்பேன். மாத்திரை போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் பசியோடு உட்காரவே கூடாது. பல வீடுகளில் அன்றைக்குப் பால், தயிர், மோர் தொடமாட்டார்கள், ஆனால் அடைக்கு வெண்ணெய் மட்டும் உண்டு! எமனிடமிருந்து கணவன் சத்தியவானை மீட்ட சாவித்திரியை நினைத்துத்தான் இந்த நோன்பு; மகாபாரதத்தில் வனபர்வத்துச் சாவித்திரி மூன்று ராத்திரி உபவாசம் இருக்கிறாள், அங்கே அடையும் கிடையாது வெண்ணெயும் கிடையாது, அதெல்லாம் நம் வீட்டுச் சேர்க்கை.

இனி அந்தக் கல் அடை. மாவைச் சரியாக வறுக்காததும் தண்ணீர் குறைந்ததும்தான் காரணமாக இருக்கும். பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழல் உலர்த்தலாகப் போட்டு, ஈரம் லேசாக இருக்கும்போதே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வெறும் வாணலியில், எடுத்துக் கோலம் போட்டால் இழை விழுகிற பதம் வரைக்கும், லேசாகச் சிவக்க வறுக்க வேண்டும். இதற்கு நேரமில்லை என்றால் கடை இடியாப்ப மாவையே வறுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு கப் மாவுக்கு ஒரு கப் வெல்லம், இரண்டு கப் தண்ணீர். காராமணியை வறுத்து ஊறவைத்துத் தனியாக வேகவையுங்கள், வெல்லத்தில் போட்டபிறகு அது வேகாது. வெல்லத் தண்ணீரை வடிகட்டி, காராமணி, தேங்காய்ப் பல், ஏலக்காய் சேர்த்துக் கொதிக்கும்போது மாவைத் தூவிக் கட்டிதட்டாமல் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே வாழையிலையில் தட்டுங்கள். ஆறிப்போனால் ஓரம் வெடிக்கும். நடுவில் ஒரு ஓட்டை, ஆவியில் 10 முதல் 15 நிமிஷம். உப்பு அடைக்கும் இதே அளவுதான், வெல்லத்துக்குப் பதில் கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக்கொள்ளுங்கள்.

நுனி இலையில் இரண்டு வெல்ல அடை, மேலே வெண்ணெய், பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ முடிந்த மஞ்சள் சரடு. அம்மனுக்கும் ஒரு சரடு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். "உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் வைத்தேன், ஒருநாளும் என் கணவர் என்னைப் பிரியாதிருக்க வேண்டும்" என்று சொல்லி நைவேத்தியம் செய்துவிட்டுச் சரடு கட்டிக்கொண்டு, அப்புறம் அடையைச் சாப்பிடலாம். மாமியார் பக்கத்தில் இல்லையே என்று கவலை வேண்டாம், நீங்களே கட்டிக்கொள்ளலாம், காலையில் போனில் நமஸ்காரம் சொல்லிவிடுங்கள். இரண்டு அடையை எடுத்துவைத்து மறுநாள் பசுவுக்குக் கொடுப்பது வழக்கம். அபார்ட்மெண்டில் பசுவுக்கு எங்கே போவது என்றால், பக்கத்தில் பசு வைத்திருக்கும் கோயில் ஏதாவது இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.