மக்காச்சோளத்தில் வண்டு: கேள்வி பதில்

வாங்கும்போது ஒரு வண்டுகூட இல்லை. டப்பாவை இறுக்கி மூடித்தான் வைத்தேன். ஒரே மாதத்தில் எங்கிருந்து வந்தது? (ஈசூன்)

வரவில்லை, உள்ளேயேதான் இருந்தது. மூக்கு வண்டு மணியில் துளைபோட்டு முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். நம் சிங்கப்பூர் சூட்டில் 5 வாரத்தில் வண்டாகி வெளியே வரும். வாங்கிய அன்றே ஃபிரீசரில் 4 நாள் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் போகட்டும், இல்லாவிட்டால் மணி வியர்த்துவிடும்.

டப்பாவில் அந்துருண்டை போடலாமா? (தெம்பனிஸ்)

சாப்பிடுகிற பொருளிலா? கூடாது.

சோளம் கெட்டுப்போச்சு, என்ன செய்ய? (ஊர் எழுதவில்லை)

சோளமா மக்காச்சோளமா, மணியா மாவா, எதில் வைத்தீர்கள்? இன்னும் இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

வண்டு வந்ததால் தாழ்வாரத்தில் பகல் முழுக்கக் காயவைத்து, மாலையில் டப்பாவில் கொட்டினேன். இப்போது மக்கல் வாடை. (உட்லண்ட்ஸ்)

இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. கூடவே, "அம்மா மொட்டை மாடியில் காயவைத்தாரே" என்ற சமாதானமும் வரும். அது மதுரையின் சித்திரை வெயில். இங்கே காற்றிலேயே 80 விழுக்காடு ஈரப்பதம். பகலில் விட்ட ஈரத்தை, ஒரு மழை பெய்ததும் மணி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மணியின் ஈரம் 13, 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். அதைவிடக் கொடுமை, சூடு ஆறாமல் கொட்டி மூடுவது. மறுநாள் மூடியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், விரல் நனையும். அந்த ஈரம் சொட்டுகிற இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

உங்களுடையதைக் குப்பையில் போடுங்கள். கழுவினாலும் கூழ் காய்ச்சினாலும் பூஞ்சை விட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு போகாது. நாய்க்கும் வைக்காதீர்கள். சரி, இரண்டு பேர் வீட்டில் 10 கிலோ எதற்கு? தேக்கா சந்தை என்ன ஓடியா போகிறது? அப்புறம், பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். எத்தனை முறைதான் சொல்வது!

பெரம்பலூரில் அப்பா 20 மூட்டையை வீட்டில் அடுக்கியிருக்கிறார். வண்டுக்கு மாத்திரை போடச் சொல்கிறார்கள். (ஜூரோங்)

ஆள் புழங்கும் வீட்டிலா? வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரையில் இருப்பது அலுமினியம் பாஸ்பைடு. அதில் ஈரம் பட்டால் கிளம்பும் பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும். அது பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டியது. அப்பாவிடம் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டக்கென்று உடைந்தால் சரி. பல் பதிந்தால் இன்னும் காயட்டும். மூட்டைகள் கட்டைமேல் இருக்கட்டும், சுவரை ஒட்டாமல். பழைய சாக்கு என்றால் வெந்நீரில் முக்கிக் காயவைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

டப்பாவில் புழு நெளிகிறது. படைப்புழுவா? (பிடோக்)

அது வயலில் பச்சைப் பயிரைத் தின்பது. மணிகள் நூலால் பின்னியதுபோல ஒட்டிக் கிடக்கின்றனவா? அந்துப்பூச்சியின் புழு.