தெருத் தொட்டியில் இரும்பு பொறுக்குவதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்யலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் எங்கள் குடியிருப்பு. விடியற்காலையில் பழைய இரும்பு பொறுக்குபவர்கள் வாசல் தொட்டியைக் கிளறிக் குப்பையைத் தெருவெல்லாம் இறைத்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் வடிகால் மூடி ஒன்றும் காணாமல் போனது. தடை போடலாமா?

பதில்: பலகை எழுதி மாட்டலாம், பலன் இருக்காது. பொதுத்தெருவில் வருபவரைத் தடுக்கவோ அபராதம் விதிக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, குப்பை சேகரிப்பவர்களை அடையாளம் கண்டு முறைப்படி சேர்த்துக்கொள்ளும்படிதான் உள்ளாட்சிகளுக்குச் சொல்லின.

குப்பை இறைவதற்குக் காரணம் உங்கள் வீட்டுக் கவர்தான். சாம்பார் மிச்சமும் பித்தளைக் குழாயும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வந்தால், கிழிக்காமல் எடுக்க வழியில்லை. கயிற்றில் கட்டிய காந்தத்தை மேலே ஓட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஒட்டாது. விலை அதிகம் கிடைப்பது அவற்றுக்குத்தான் என்பதால் கையை விட்டுத் துழாவுகிறார்கள். உலோகத்துக்கென்று ஒரு டிரம்மைத் தனியாக வையுங்கள். வழக்கமாக வருபவர்களில் ஒருவரையோ இருவரையோ பேசி அமர்த்தி, வாரம் இரண்டு நாள், காலை ஏழு மணிக்குமேல் என்று நேரம் குறித்துக் கொடுங்கள். பெயர், புகைப்படம், போன் நம்பர், சரக்கு போடும் காயலான் கடை, இவ்வளவும் பதிவேட்டில் இருந்தால் போதும். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளாட்சி அடையாள அட்டை பற்றி வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். மாமூல் வாடிக்கை கிடைத்தவர் மற்றவர்கள் கிளறுவதைத் தானே தடுப்பார். எந்தக் காவலாளியாலும் அது ஆகாது.

ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒயரின் பிவிசி பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும். பழைய டிவி, மானிட்டர், ஃபிரிட்ஜை டிரம் பக்கமே கொண்டுவர வேண்டாம். பிக்சர் டியூபின் கழுத்திலுள்ள செம்புச் சுருளுக்காக அதை உடைத்துவிட்டு, ஈயம் கலந்த கண்ணாடியை அங்கேயே போட்டுவிடுவார்கள். இவை பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளருக்குப் போகவேண்டியவை. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

மூடி விவகாரம் வேறு. அது திருட்டு. தொட்டியில் பொறுக்குபவர்தான் எடுத்தார் என்று முன்கூட்டி முடிவுகட்டாதீர்கள். வார்ப்பிரும்பு மூடியைத் தூக்கிப்போக வண்டி வேண்டும். மிச்சமிருக்கும் மூடியைப் படமெடுத்து, அளவோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நகலைச் சுற்றுவட்டார இரும்புக் கடைகளிலும் காட்டுங்கள். திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. புது மூடியை ஃபைபரிலோ கான்கிரீட்டிலோ போடுங்கள். ஃபைபரைக் காயலான் கடையில் எடை போடமாட்டார்கள். கான்கிரீட் என்றால் விளிம்பில் இரும்புப் பட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அந்தப் பட்டைக்காகவே உடைப்பதுண்டு.